மூன்று தலையணை: கழுத்து முறிந்து வந்த ஒரு தையல்காரரின் நிகழ்வு ஆய்வு

விபத்தில் அடிபட்டவரின் முதுகெலும்பை அசையாமல் வைக்க வேண்டும் என்பது அவசரப் பிரிவில் கடைநிலை ஊழியர் வரை எல்லோருக்கும் தெரிந்த பாடம். அசையாமல் வைப்பது வேறு, நேராக்கிப் படுக்க வைப்பது வேறு என்பது அந்த அளவுக்குப் பரவிய பாடம் இல்லை. நான் அதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் பரபரப்பான ஒரு மாலையில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த மாலையைத்தான் இங்கே எழுதுகிறேன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் உடலில் நடந்ததை மாற்றவில்லை.

சாலையில்

ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு மாலை. 58 வயதுத் தையல்காரர் ஒருவர் மாப்பிள்ளை ஓட்டிய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தார். மடியில் தைத்து முடித்த ஜாக்கெட்டுகள் ஒரு மூட்டை. வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடையில் வண்டி துள்ளியது. மூட்டையைக் கெட்டியாகப் பிடித்தவர் வண்டியைப் பிடிக்கவில்லை. மல்லாந்து விழுந்தார், பின்மண்டை தார்ச்சாலையில் மோதியது. ஹெல்மெட் இல்லை. வண்டி 30 கிலோமீட்டர் வேகம்கூடப் போயிருக்காது என்று மாப்பிள்ளை அன்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மையாகத்தான் இருக்கும். இந்த மாதிரி முதுகெலும்பு முறிவதற்கு அதைவிடக் குறைந்த வேகமே போதும்.

நினைவு தப்பவில்லை. பின்மண்டையில் சின்ன வெட்டு, கழுத்தில் கடும் வலி. அவராகவே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். கூட்டம் கூடியது. "தூக்குங்க, ஆட்டோல போட்டுடலாம்" என்று இரண்டு பேர் குண்டுக்கட்டாகத் தூக்கத் தயாரானார்கள். பக்கத்து டீக்கடை அம்மா, "108-க்குச் சொல்லியாச்சு, யாரும் தொடாதீங்க" என்று அதட்டி நிறுத்தியிருக்கிறார். இந்த நோயாளிக்குக் கிடைத்த முதல் சிகிச்சை அதுதான். யாரோ சோடாவை வாயருகே கொண்டுபோனார்கள். தலையை நிமிர்த்த முடியாமல் அது சட்டையில் வழிந்தது. விழுந்ததால்தான் நிமிர்த்த முடியவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவர் தலை நிமிர்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

108-இல் வந்த மருத்துவ உதவியாளர் 25 வயது மதிக்கத்தக்க பெண். தலையை இரண்டு கையாலும் பிடித்து, அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, வலி எங்கே, கை கால் மரத்திருக்கிறதா என்று கேட்டார். பிறகு ஆம்புலன்ஸ் ஓட்டும் பைலட், மாப்பிள்ளை, இன்னும் இரண்டு பேர் துணையோடு, கட்டையைப் புரட்டுவது போல உடம்பை ஒன்றாகப் புரட்டிப் பலகையில் ஏற்றினார். முதுகு படிந்தது, தலை படியவில்லை. பின்மண்டைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கழுத்தைச் சுற்றி மாட்டும் காலரை எடுத்துப் பார்த்தார். மோவாய் நெஞ்சை ஒட்டியிருந்ததால் அதற்கு இடமே இல்லை. அந்த இடத்தில்தான் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டார்:

"ஐயா, வீட்ல எப்படிப் படுப்பீங்க?"

"மூணு தலையணை வச்சுத்தான் பாப்பா. அது இல்லாம படுத்து இருபது வருஷம் இருக்கும்."

அவ்வளவுதான் உரையாடல். அந்தப் பெண் வண்டியிலிருந்த தலையணையையும் மடித்த கம்பளிகளையும் தலைக்குக் கீழே அடுக்கினார். தலை எந்த உயரத்தில் சிரமமில்லாமல் தங்கியதோ அங்கே நிறுத்தினார். இரண்டு பக்கமும் துண்டுச் சுருள், நெற்றியில் பிளாஸ்டர். கேஸ் ஷீட்டில் எழுதினார்: காலர் பொருந்தவில்லை, நோயாளி வழக்கமாகப் படுக்கும் நிலையிலேயே கொண்டுவரப்படுகிறார், கை கால் நான்கும் நன்றாக அசைகின்றன, கைப்பிடி இரு பக்கமும் சமம், மரத்துப்போதல் இல்லை. பி.பி. 130/80, நாடி 84. நேரம் மாலை 6.10.

அந்த ஷீட்டின் நகல் என்னிடம் இருக்கிறது. கழுத்தில் அடிபட்டு வரும் நோயாளிகளின் தாளில் "நான்கும் அசைகின்றன" என்று நேரத்தோடு எழுதியிருப்பது அரிது. எழுதியிருந்ததால்தான் அடுத்த அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று எங்களால் மறுக்க முடியாமல் போனது.

எங்கள் வாசலில்

6.35-க்கு ஆம்புலன்ஸ் எங்கள் அவசரப் பிரிவு வாசலுக்கு வந்தபோது, கவிழ்ந்த வேன் ஒன்றிலிருந்து ஆறு பேர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். நான் ஒருவருக்கு நெஞ்சில் குழாய் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ஹவுஸ் சர்ஜனிடம் விவரம் சொல்ல ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். கழுத்து வலி, காலர் இல்லை, தலைக்குக் கீழே கம்பளி மூட்டை. அங்கிருந்தபடியே, "காலர் போடாம யார் கொண்டுவந்தது? தலையணைய எடுத்துட்டு ஃப்ளாட்டா படுக்க வைங்க, காலர் மாட்டுங்க" என்றேன்.

"சார், அவரு வழக்கமா..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை.

ஹவுஸ் சர்ஜன் சொன்னதைச் செய்தார். கம்பளிகளை உருவி, தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கிக் காலரை நுழைத்தார்கள். நோயாளி கத்தினார். கழுத்து வலிக்காரர் கத்துவது எங்களுக்குப் பழக்கம். கழுத்துக்குள் படக்கென்று ஒரு சத்தம் கேட்டதாக அவர் பிறகு சொன்னார். அப்போது யாரும் கேட்கவில்லை.

சுமார் பத்து நிமிடம் கழித்து, "கையில எறும்பு ஊறுது டாக்டர்" என்றார். அப்புறம், "கால் கல்லு மாதிரி கனக்குது." இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதும் நர்ஸ் என்னை அழைத்தார்.

முழங்கையை மடக்கும் பலம் முழுதாக இருந்தது. மணிக்கட்டைத் தூக்கும் பலமும் இருந்தது. முழங்கையை நீட்டும் பலம் ஐந்துக்கு மூன்று. விரல்களை மடக்குவது இரண்டு. இரண்டு கால்களும் படுக்கையில் நகர்ந்தனவே தவிர மேலே எழவில்லை: இரண்டு. மடக்க முடிகிறது, நீட்ட முடியவில்லை என்றால் தண்டுவடம் எங்கே நசுங்குகிறது என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்: ஏழாவது கழுத்து நரம்பின் மட்டம். ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இருந்தது. அதாவது தண்டுவடம் முழுதாகத் துண்டிக்கப்படவில்லை; மீள வாய்ப்பு இருக்கிறது. பி.பி. 92/58, நாடி 54. தோல் வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தது. ரத்தம் இழந்தவருக்கு நாடி ஓடும், கை சில்லிட்டு வியர்க்கும். இவருக்கு நேர்மாறு. கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு, ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புக் கட்டளை அறுந்தால் இப்படித்தான் இருக்கும். இருந்தாலும் விபத்து நோயாளிக்கு பி.பி. குறைந்தால் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்யாமல் நரம்பின் மேல் பழி போடக்கூடாது. வயிற்றிலும் நெஞ்சிலும் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தோம், ரத்தம் இல்லை.

நான் அப்போதுதான் அவரை முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மேல் முதுகு வில்லாக வளைந்திருந்தது. வளைந்த முதுகு பலகையில், தலையும் பலகையில். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால் நடுவில் ஏதாவது திறந்துகொள்ள வேண்டும்.

சரி, திருப்பி வைப்பது எப்படி? நான் தலைமாட்டில் நின்று முன்கைகளால் தலையின் இரு பக்கத்தையும் தாங்கிக்கொண்டேன். நர்ஸ் காலரைக் கழற்றினார். "ஐயா, வீட்டுல இருக்கிற மாதிரி ஆகும்போது சொல்லுங்க" என்றேன். தலையை விரலளவு விரலளவாக உயர்த்த, கீழே ஒருவர் கம்பளியை நுழைத்துக்கொண்டே வந்தார். மூன்றாவது மடிப்பில், "இப்படித்தான், இப்படித்தான்" என்றார். 108 பெண் வைத்த அதே உயரம். எங்கள் ஸ்ட்ரெச்சருக்குக் கீழே கிடந்தவையும் அவருடைய கம்பளிகள்தான்.

அரை லிட்டர் சலைன், அப்புறம் ரத்த அழுத்தத்தைத் தூக்கும் நார்அட்ரீனலின். சராசரி ரத்த அழுத்தம் 85-க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டோம். நசுங்கிய தண்டுவடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவது இரண்டாவது அடி என்பதால், முதல் ஒரு வாரம் 85 முதல் 90 வரை வைத்திருப்பது அமெரிக்க நரம்பறுவை மருத்துவர்களின் 2013 வழிகாட்டுதல். மூத்திரக் குழாய் போட்டோம். ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடிகிறது என்று அரை மணிக்கு ஒருமுறை எண்ணச் சொன்னோம். மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்துக்கு நரம்பு கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாவது மட்டத்திலிருந்து போகிறது. வீக்கம் மேலே ஏறினால் எண்ணிக்கை குறையும். குறையவில்லை. "ஸ்டீராய்டு ஊசி போட்டா சரியாகுமாமே" என்று உறவினர் ஒருவர் கேட்டார். 1990-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு அது உலகம் முழுக்கப் போடப்பட்டது உண்மை. பலன் நிச்சயமில்லை, தொற்றும் குடல் ரத்தக்கசிவும் நிச்சயம் கூடும் என்று தெரிந்த பிறகு பெரும்பாலோர் விட்டுவிட்டோம். போடவில்லை.

ஒரு மணி நேரத்தில் கால்கள் நான்குக்கு வந்தன. விரல்கள் இரண்டிலேயே நின்றன.

மூங்கில்

முதலில் எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரேயில் முறிவே தெரியவில்லை. தோள்பட்டையின் நிழல் ஐந்தாவது எலும்புக்குக் கீழே எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. ஆனால் தெரிந்த நான்கைந்து எலும்புகளே ஒரு செய்தி சொல்லின. கழுத்தெலும்பு என்றால் தனித்தனிப் பெட்டிகளாகத் தெரிய வேண்டும். இவருக்கு எல்லாம் ஒட்டிக்கொண்டு, கணு வைத்த ஒரே கழியாக இருந்தன. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்பின் இணைப்புகளில் வருடக்கணக்கில் அழற்சி இருந்து, கடைசியில் எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டுகளும் நார்களும் எலும்பாகவே மாறிப்போகும் நோய். பெரும்பாலும் 40 வயதுக்குள் தொடங்கும். காலையில் எழுந்ததும் முதுகு விறைப்பு, நடமாடினால் குறையும், உட்கார்ந்தே இருந்தால் கூடும். ஹெச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுக் கூறோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

இவருக்கு யாரும் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. "முப்பது வருஷமா மெஷின்ல குனிஞ்சு குனிஞ்சு இப்படி ஆயிட்டாரு" என்றார் மனைவி. முதுகு வலிக்கு மாத்திரை கொடுத்தவர்களும் அப்படியே நம்பியிருக்கிறார்கள். தையல்காரர், நெசவாளி, நாற்று நடுபவர் என்று தொழிலைச் சொன்னால் கூனுக்கு விளக்கம் தயாராக இருக்கிறது. அதனாலேயே நம் ஊரில் இந்த நோய் பெயரில்லாமல் பல வீடுகளில் குனிந்து நடமாடிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மருத்துவப் புத்தகங்கள் இதை மூங்கில் முதுகு என்கின்றன. பச்சை மூங்கில் வளையும் என்பது தெரிந்த நமக்கு அந்தப் பெயர் கொஞ்சம் தப்பாகத்தான் படும். இது காய்ந்த மூங்கில். ஒட்டிப்போன எலும்பு உள்ளுக்குள் வலுவிழந்து, சுண்ணாம்பு சத்துக் குறைந்து இருக்கும். சாக்பீஸ் போல ஒடியும். சாதாரண முதுகெலும்பில் விழும் வேகத்தைத் தட்டுகளும் தசைகளும் கணுக் கணுவாகப் பகிர்ந்துகொள்ளும். இங்கே பகிர ஆளில்லை. முழு விசையும் ஒரே இடத்தில் இறங்கும். பெரும்பாலும் கழுத்தின் அடிப்பகுதியில், ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில். ஒடிந்தால் முன்னிருந்து பின்வரை முழுதாக ஒடியும். இணைத்துப் பிடிக்க நார் எதுவும் மிஞ்சாது, ஏனென்றால் நாரும் எலும்பாகிவிட்டது. அந்த முறிவுக்கு மேலே தலையோடு சேர்ந்து ஒரு உலக்கை, கீழே முதுகோடு சேர்ந்து ஒரு உலக்கை. மேல் உலக்கையின் நுனியைக் கொஞ்சம் அழுத்தினாலும் முறிவின் வாய் திறக்கும். நாங்கள் அழுத்தினோம்.

சி.டி.யில் அதுதான் இருந்தது. ஆறாவது, ஏழாவது எலும்புகளுக்கு நடுவே, எலும்பாகிப்போன தட்டின் வழியாகக் குறுக்கே ஓடிய முறிவு, முன்பக்கம் வாய் பிளந்து. சி.டி. எடுப்பதே ஒரு தனிக் கதை. "தலை ஹெட்ரெஸ்ட்ல உட்காரல சார், நேரா வச்சாத்தான் எடுக்க முடியும்" என்றார் டெக்னீஷியன். ஹெட்ரெஸ்டைக் கழற்றிவிட்டு, கம்பளிகளோடு சேர்த்து உள்ளே அனுப்பினோம். வளையத்துக்குள் தாராளமாகப் போனார். கழுத்தை மட்டும் எடுக்காமல் முதுகெலும்பு முழுவதையும் எடுக்கச் சொன்னோம். இந்த நோயில் ஒடிந்த இடம் ஒன்று என்றால் வேறொரு தூரத்தில் இன்னொன்று ஒளிந்திருக்கலாம். இவருக்கு இல்லை. எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடத்தில் வீக்கம் தெரிந்தது. முறிந்த எலும்பிலிருந்து ரத்தம் கசிந்து தண்டுவடத்தை அழுத்துவது இந்த நோயாளிகளில் அடிக்கடி நடக்கும். சிலருக்குச் சில மணி நேரம் கழித்துக் கை கால் விழுவதற்கு அதுவே காரணம். நல்லவேளை, இவருக்கு அது இல்லை. இருந்திருந்தால் எங்கள் மனசாட்சிக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

பலகையின் கதை

அந்தக் காலர் உத்தரவு எங்கிருந்து என் வாயில் வந்தது என்று பிறகு யோசித்தேன். மருத்துவக் கல்லூரியிலிருந்து, பயிற்சி வகுப்புகளிலிருந்து, சுவரொட்டிகளிலிருந்து. அடிபட்டவர் என்றால் காலர், பலகை, பட்டை. நீளப் பலகை முதலில் நசுங்கிய காரிலிருந்து ஆளை வெளியே சறுக்கி எடுக்கும் கருவியாகத்தான் வந்தது. எடுத்த பிறகு அதிலேயே கட்டி மணிக்கணக்கில் வைத்திருக்கும் பழக்கம் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதனால் பலன் உண்டா என்று யாரும் சரியாகச் சோதித்துப் பார்க்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 2001-இல் தேடிப் பார்த்தபோது, விபத்து நோயாளிகளில் அசைவைத் தடுப்பதையும் தடுக்காமல் விடுவதையும் ஒப்பிட்ட முறையான சோதனை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

1998-இல் வந்த ஒரு ஒப்பீடு பலரைச் சங்கடப்படுத்தியது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் முதுகெலும்பு அடிபட்ட 334 பேர். எல்லோரும் பலகையில் கட்டப்பட்டு வந்தவர்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 120 பேர். ஒருவரும் கட்டப்படவில்லை, கிடைத்த வண்டியில் வந்தவர்கள். நரம்பு பாதிப்பு அமெரிக்காவில் 21 சதவீதம், மலேசியாவில் 11 சதவீதம். வழியிலேயே இறந்தவர்கள் கணக்கில் இல்லை, வண்டிகளின் வேகமும் விபத்தின் தன்மையும் வேறு. ஆகவே "கட்டாமல் விட்டால் நல்லது" என்று இதை வைத்துச் சொல்லக்கூடாது. கட்டினால் நிச்சயம் நல்லது என்றும் சொல்ல முடியாமல் போனது என்பதே அதன் கனம். குண்டடி, கத்திக்குத்து பட்டவர்களில் கணக்கு இன்னும் தெளிவு. 45,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளை 2010-இல் பார்த்தபோது, கட்டி எடுத்துவரப்பட்டவர்களில் 14.7 சதவீதம் பேரும் மற்றவர்களில் 7.2 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். கட்டுவதற்குச் செலவான நிமிடங்களில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

காலருக்கும் தனி விலை உண்டு. கழுத்துச் சிரைகளை அழுத்தி மூளைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். மூச்சுக்குழாய் போடுவதைக் கடினமாக்கும். வாந்தி வந்தால் ஆபத்து. பலகையில் அரை மணி படுத்துப் பாருங்கள். எங்கள் ஹவுஸ் சர்ஜன்களை ஒவ்வொரு தொகுதியிலும் படுக்க வைக்கிறேன். பதினைந்தாவது நிமிடத்தில் பின்மண்டையையும் வால் எலும்பையும் பற்றிப் புலம்ப ஆரம்பிப்பார்கள். உணர்ச்சி இல்லாத நோயாளி புலம்ப மாட்டார். அவருக்குப் புண் வரும்.

இதையெல்லாம் பார்த்துத்தான் 2018-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் விபத்துக் குழுவும் இரண்டு அவசர மருத்துவ அமைப்புகளும் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில் "அசையாமல் கட்டுதல்" என்ற சொல்லே பின்னுக்குப் போய், "முதுகெலும்பின் அசைவைக் கட்டுப்படுத்துதல்" என்பது வந்தது. சொல் விளையாட்டு இல்லை. ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரின் மெத்தையே போதும், பலகை நோயாளியை ஏற்றி இறக்க மட்டும் என்று அர்த்தம். நோயாளியைக் குறைவாகப் புரட்ட, இரு பாதியாகப் பிரியும் ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் மேல்.

யாருக்குக் கழுத்துப் படமே தேவையில்லை என்று முடிவு செய்ய இரண்டு விதிகள் உண்டு. 2000-இல் 34,069 பேரிடம் சோதிக்கப்பட்ட நெக்சஸ் விதி: நடுக்கழுத்தில் தொட்டால் வலி, நரம்புக் குறை, நினைவு மந்தம், போதை, கவனத்தை இழுக்கும் வேறு பெரிய காயம் என ஐந்தும் இல்லாவிட்டால் படம் வேண்டாம். 2001-இல் வந்த கனடா விதி வயதையும் விபத்தின் தன்மையையும் பார்த்து, கழுத்தை இரு பக்கமும் 45 டிகிரி திருப்பச் சொல்கிறது. அந்தக் கனடா ஆய்வில், ஏற்கெனவே ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் போன்ற முதுகெலும்பு நோய் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. விதியை மனப்பாடம் செய்யும் நாம் அது யாருக்குப் பொருந்தாது என்ற பத்தியைத் தாண்டிவிடுகிறோம். இந்த நோய் உள்ளவர் அடிபட்டு வந்து கழுத்து வலிக்கிறது என்றால், முறிவு இல்லை என்று சி.டி. சொல்லும்வரை முறிவு இருக்கிறது.

இன்னொன்று. "நேர்" என்பதே எல்லோருக்கும் தட்டை இல்லை. கழுத்து நன்றாக இருக்கும் வளர்ந்தவர்களில் பலருக்கே பலகையில் படுத்தால் தலைக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மடிப்பு வேண்டும். சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது என்பதால் தோளுக்குக் கீழே வேண்டும். ஆக ஒவ்வொருவருக்கும் ஒரு நேர் இருக்கிறது. இவருடைய நேர் மூன்று தலையணை உயரத்தில் இருந்தது.

இப்போது செய்வது

108 பணியாளர் நோயாளியை ஒப்படைக்கும் ஒரு நிமிடம், நெஞ்சமுக்கல் நடக்கும் நோயாளி தவிர மற்ற எல்லோருக்கும், யாரும் கை வைப்பதில்லை. அவர் பேசி முடிக்க வேண்டும். கை கால் அசைவை நேரத்தோடு சொல்ல வேண்டும். நாங்கள் அதை அவர் முன்னாலேயே திரும்பச் சோதித்து எழுதுகிறோம். இதை நடைமுறைக்குக் கொண்டுவர இரண்டு மாதம் ஆயிற்று. எதிர்ப்பு பெரும்பாலும் மருத்துவர்களிடமிருந்துதான்.

கழுத்து வலியோடு வரும் ஒவ்வொருவரிடமும், அல்லது வீட்டாரிடமும், மூன்று கேள்வி: வீட்டில் எத்தனை தலையணை? நிமிர்ந்து மேலே பார்க்க முடியுமா? கூன் விபத்துக்கு முன்பே இருந்ததா? சுவரில் சாய்ந்து நின்றால் பின்மண்டை சுவரைத் தொடுமா என்று கேட்டால் பலர் யோசிக்கிறார்கள். தலையணைக் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது.

நிமிர முடியாதவர்களுக்குக் காலரை வலிந்து மாட்டுவதில்லை. காற்றை உறிஞ்சினால் உடம்பின் வடிவத்துக்கு இறுகும் வாக்குவம் மெத்தை இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. எங்களிடம் இல்லை. கம்பளி, துண்டு, மணல் பை, பிளாஸ்டர் இருக்கின்றன. வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது நோயாளி படுத்திருக்கும் நிலையைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுகிறோம். தலையணையை எடுக்காதீர்கள் என்று எழுதினால் யாரும் படிப்பதில்லை. படத்தைப் பார்க்கிறார்கள்.

சாலையில் நிற்பவர்களுக்கும் ஒரு பேச்சு. உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் போகவில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்களைப் பாதுகாக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. ஆகவே அவசரமாக அள்ளிப்போட்டுக்கொண்டு ஓட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. தீ, தண்ணீர், மேலே வரும் வாகனம், மூச்சடைப்பு இவற்றில் ஒன்று இருந்தால் நகர்த்துங்கள். கழுத்தைவிட மூச்சு முதல். இல்லாவிட்டால் தலையை அவர் வைத்திருக்கும் நிலையிலேயே இரண்டு கையால் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். கக்கத்தில் கை கொடுத்து உட்கார வைப்பது, தண்ணீர் புகட்டுவது, கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பது எதுவும் வேண்டாம். காரில் சிக்காமல் சுயநினைவோடு இருப்பவர் தானாக மெதுவாக இறங்கினால், நாலு பேர் இழுத்து இறக்குவதைவிடக் கழுத்து குறைவாகவே அசைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். வலிக்கும் கழுத்தை அதன் சொந்தக்காரரைவிட ஜாக்கிரதையாக யாரும் பிடிக்க மாட்டார்கள்.

நான்காம் மாதம்

அன்றிரவே அவரை நரம்பறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அனுப்பினோம், கம்பளிகளோடு. மறுநாள் அறுவை. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே, விழித்திருக்கும்போதே, வளையும் குழாய்க் கேமரா வழியாக மூச்சுக்குழாய் போட்டிருக்கிறார்கள். பின்பக்கத்திலிருந்து முறிவுக்கு மேலும் கீழும் பல எலும்புகளில் திருகாணி வைத்துக் கம்பியால் பிணைத்தார்கள். உலக்கையை இரண்டு ஆணியால் நிறுத்த முடியாது. வளைவை நேராக்க முயலவில்லை.

பிறகு மறுவாழ்வுப் பயிற்சி. அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் ஒரு முகம் உண்டு: வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ். 1954-இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-இல் வேலூரில் அதற்கென்றே ஒரு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத் தண்டுவடம் அடிபட்டவரை வீட்டு மூலையில் கிடத்தி வைப்பதே வழக்கமாக இருந்த காலம் அது.

நான்காவது மாதம் தையல்காரர் எங்களைப் பார்க்க வந்தார். வாக்கர் பிடித்து, பஸ்ஸிலிருந்து இறங்கி. கால்கள் ஐந்துக்கு நான்கு. மூத்திரம் தானாகப் போகிறது. முழங்கையை நீட்டும் பலம் நான்கு. விரல்கள் மூன்று. கத்திரிக்கோலைப் பிடிக்கிறார், துணி நழுவுகிறது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மகள் கோத்துக் கொடுக்கிறாள். எங்களால் போன பலம் எவ்வளவு, விழுந்ததால் எப்படியும் போயிருக்கக்கூடியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் 6.10 மணித் தாள் இருக்கிறது. தலையைத் தாழ்த்திய பிறகுதான் கைகால் போனது என்று அவரிடமும் மகளிடமும் அறுவை முடிந்த வாரமே சொல்லிவிட்டேன். மகள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவர், "வேணும்னேவா செஞ்சீங்க?" என்றார்.

அன்று கிளம்பும்போது, குனிந்த தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்த 108 பாப்பா எங்க டாக்டர்? அதுகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்." வேறு ஊர் வண்டிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். நான்தான் நம்பர் தேடிக் கொடுத்தேன்.